வால்வு காட்டும் நிறங்கள்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் அண்ணனோ அக்காவோ உங்களுக்கு இருந்தால், அவர்களுடைய ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சில ஆம்ப்களில் கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நின்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அவைதாம் வால்வுகள். பழைய வானொலிப் பெட்டிகளிலும் இவையே இருந்தன. வானொலி எப்போதோ டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. கிட்டார் கலைஞர்கள் பலர் இன்னும் மாறவில்லை.

வால்வுக்குள் காற்று கிடையாது. நடுவில் இருக்கும் எதிர்மின்வாய் நன்றாகச் சூடேறியதும் அதிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும். சுற்றியுள்ள உலோகத் தகட்டில் நேர்மின்னழுத்தம் இருப்பதால் அது அவற்றை இழுத்துக்கொள்ளும். இப்படி இரண்டு மின்வாய்கள் கொண்ட வால்வை 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் பிளெமிங் உருவாக்கினார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்வாயைச் சேர்த்தார். கம்பி வலை போன்ற அது, ஏரி மதகைப் போல வேலை செய்கிறது. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்துடிப்பு அந்த வலையை எட்டினால் போதும், தகட்டுக்குப் பாயும் பெரிய ஓட்டம் அதே துடிப்போடு கூடிக் குறையும்.

துடிப்பை அளவு மீறி ஏற்றினால் ஒலியலையின் உச்சி மழுங்கி, புதிய மேற்சுரங்கள் கலக்கும். ராக் இசையில் கேட்கும் இனிய கரகரப்பு அப்படிப் பிறப்பதுதான். லண்டனில் டிரம் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962இல் கொண்டுவந்த ஆம்ப்கள் அந்த ஒலிக்காகவே பேர் பெற்றன.

இனி நிறங்களைக் கவனிப்போம். உள்ளே தெரியும் ஆரஞ்சு ஒளி, எதிர்மின்வாயைச் சூடாக்கும் இழையுடையது. அது இருக்கத்தான் வேண்டும். சில வால்வுகளின் கண்ணாடிச் சுவரில் நீலச் சாயல் படரும். வழி தவறிய எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது அது; பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளித் தகடே செக்கச் சிவந்தால் உடனே ஆம்பை அணைக்க வேண்டும். வலையின் கட்டுப்பாடு தளர்ந்து, எலெக்ட்ரான்கள் கட்டுக்கடங்காமல் தகட்டில் மோதுகின்றன என்பதற்கு அதுவே அடையாளம்.

எனக்கு மிகவும் பிடித்தது வால்வின் உச்சியிலோ பக்கத்திலோ தெரியும் வெள்ளிப் பூச்சு. அது பேரியம் என்ற உலோகம். உள்ளே மிஞ்சிய வாயுவை உறிஞ்சுவது அதன் வேலை. கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால், அந்தப் பளபளப்பு போய்ப் பால் வெள்ளையாகிவிடும். அந்த வால்வு இனிப் பயன்படாது. மீட்டர் எதுவும் வேண்டாம், கண்ணே போதும்!

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேலை செய்யும் வால்வு தோலைச் சுட்டுவிடும். ஆம்பை நகர்த்துவதற்கு முன்பும் அது ஆறட்டும்.

உள்ளே இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பல ஆம்ப்களில் தகட்டு மின்னழுத்தம் 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். அதைச் சீராக வைக்கும் மின்தேக்கிகள் மின்னூட்டத்தைச் சேர்த்துவைப்பவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கலாம், உயிரையே பறிக்கலாம். அதனால் பெட்டியின் திருகைக் கழற்றுவது, பயிற்சி பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை. அண்ணன் கழற்றப் போனாலும் தடுத்துவிடுங்கள்.

வெளியே கவனிக்க வேண்டியதும் உண்டு. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது. வால்வு தரும் ஆற்றல் மின்மாற்றி வழியாக ஸ்பீக்கருக்குப் போயாக வேண்டும். போக இடமில்லாவிட்டால் மின்மாற்றியில் மின்னழுத்தம் எகிறி, கம்பிச் சுருளின் காப்பு கருகிவிடும். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று இருந்தால் ஆம்பிலும் 8 ஓம் துளையில்தான் செருக வேண்டும். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்கு அதைப் போட்டால் சூடாகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளையும் யாரும் நீக்கிவிட வேண்டாம். கிட்டாரின் உலோகக் கம்பிகள் ஆம்பின் உடலோடு மின்சார வழியில் இணைந்தவை. வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் அந்தக் கம்பிகளில்தான் இருக்கின்றன.