பட்டுக்கு ஒரு சொசைட்டி... பாட்டுக்கு?

காஞ்சிபுரம் என்றதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? கோயில், இட்லி, பட்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவர் என்றால், கூடவே காலியாகப் போகிற சம்பளக் கவரும்!

பெரிய காஞ்சிபுரத்தில் கூட்டுறவு சொசைட்டியில் சேர்ந்த நெசவாளிக்குப் பட்டு நூலும் ஜரிகையும் சொசைட்டியே கொடுக்கும். நெய்த சேலையை வாங்கிக்கொண்டு கூலி தரும். விற்கிற தலைவலியும் அதனுடையதே. சரி, பாட்டையே பிழைப்பாக வைத்திருப்பவருக்கு? பி.எஃப். உண்டா, போனஸ் உண்டா? ம்ஹூம்! அவர் தலைக்கு மேலே இருப்பது, ஆளுக்கு ஓர் ஓலையாகப் பல பேர் வேய்ந்த கூரை.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் தனி ஆளே ஒரு சபா மாதிரி இருந்தார். காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை (1889-1934). தாளத்தில் புலி! அவர் நடத்திய தியாகராஜர் உற்சவத்தில் சின்ன வயசிலேயே பாடிப் பரிசு வாங்கிய உள்ளூர்ப் பெண்தான் டி.கே. பட்டம்மாள். 1932-ல் அவருக்குச் சென்னையில் மேடை கொடுத்தது ஒரு சபா. குரலை வீடு வீடாகக் கொண்டுபோனது கொலம்பியா இசைத்தட்டு. 1939-ல் 'தியாக பூமி' வழியே சினிமா. 1947-ல் சுதந்திரம் வந்தபோது பாடவைத்தது வானொலி. 1970-ல் சங்கீத கலாநிதி ஆக்கியது மியூசிக் அகாடமி. குரல் என்னவோ ஒண்ணுதான். தோள் கொடுத்தது எத்தனை பேர் பாருங்க!

இன்றைக்கும் கதை அதேதான். ஆளுக்கொரு டிபார்ட்மென்ட்!

கற்றுக்கொடுக்க, அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட இசைப் பள்ளி. காஞ்சிபுரத்திலும் உண்டு. குரலிசை, நாகஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம் என்று மூன்று வருஷப் படிப்பு.

தரம் பார்க்க வானொலி. குரல் தேர்வு வைத்து பி, பி-ஹை, ஏ, டாப் என்று பிரிக்கும். நம்ம ஆபீஸ் மாதிரியேதான், கிரேடுக்குத் தக்க சன்மானம்!

விருதுக்கு இயல் இசை நாடக மன்றம். கலைமாமணி கொடுப்பது இதுதான். வயசாகி நலிந்துபோன கலைஞருக்கு அரசின் மாத உதவித்தொகையும் உண்டு.

ராயல்டிக்கு, 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்குமாக வசூல் செய்கிறது. "மொத்தமா எழுதிக் கொடுத்துட்டேன் சார், இனிமே ஒண்ணும் வராது" என்று புலம்பிய காலம் ஒன்று இருந்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அவர்களுடைய ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்க முடியாதபடி செய்தார்கள். 2013-ல் பாடகர்களுக்கென்றே தனிச் சங்கமும் வந்தது.

எல்லாம் சரி. ஓலை விழாத இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. சாமி வீதியுலாவிலும் கல்யாணத்திலும் வாசிக்கிறாரே நாகஸ்வர வித்வான், அவர் தலைக்கு மேலே!

வாசித்தது காற்றோடு போச்சு. ரெக்கார்டு இல்லை, ராயல்டியும் இல்லை. கோயிலில் சம்பள வேலை கிடைத்தவர் தப்பித்தார். மற்றவருக்கு முகூர்த்தம்தான் சம்பளத் தேதி. ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது. 2020 கொரோனா ஊரடங்கில் கல்யாணமும் உற்சவமும் நின்றபோது, அடுப்பும் சேர்ந்து நின்றது பல வீடுகளில்.

அவருக்கு எது சங்கம்? சந்தேகமே வேண்டாம், கல்யாண வீட்டுக்காரர்தான்! சொசைட்டி ஷோரூமில் ஒட்டியிருக்கிற விலைக்கு வாயைத் திறக்காமல் சேலை எடுக்கிறோம். அதே நாம், தவில் வித்வானிடம் மட்டும் "கொஞ்சம் பார்த்துக் குறைச்சுக்குங்களேன்" என்கிறோம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு யோசனை: பேசிய தொகையைக் குறைக்காமல், கெட்டிமேளம் முடிந்த கையோடு, நீங்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். சாம்பார் ஆறினால் பரவாயில்லை!