சாட்சிக் கூண்டேறாத கணினி

2015 அக்டோபர். ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் அஞ்சலகத்தைச் சேர்ந்த ஒரு சிறு கிளைக்கு 8,000 பவுண்ட் ரொக்கம் வருகிறது. பணப்பையின் பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டு 'என்டர்' விசையைத் தட்டினால் திரை மாறவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் மறுபடி தட்டத்தான் செய்வார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் புதிதாக 8,000 பவுண்ட் வந்ததாகக் கணினி பதிந்துகொண்டது. கைக்கு வந்தது 8,000. கணக்கில் ஏறியது 32,000. மீதி 24,000 எங்கே?

அந்த மென்பொருளின் பெயர் ஹொரைசன். ஃபுஜிட்சு குழுமத்தின் ஐசிஎல் நிறுவனம் உருவாக்கி, 1999 முதல் பிரிட்டன் அஞ்சலகங்களில் நிறுவியது. அங்கே பெரும்பாலான கிளைகளை நடத்துவது சப்-போஸ்ட்மாஸ்டர்கள். அரசு ஊழியர்கள் அல்ல. சொந்தப் பணத்தைப் போட்டு, மளிகைக் கடையோடு அஞ்சல் கவுண்டரையும் சேர்த்து ஒப்பந்தத்தில் நடத்துபவர்கள். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் நிறையப் பேர். கணக்கு இடித்தால் கைக்காசைப் போட்டு நேர் செய்ய வேண்டும் என்று அஞ்சல் நிறுவனம் அவர்களிடம் கறாராக வசூலித்தது.

கணக்கு ஏன் இடித்தது? தொடக்ககால ஹொரைசனில் ஒவ்வொரு கவுண்டர் கணினியும் தன் பதிவுகளை மற்ற கணினிகளோடும் மைய சர்வரோடும் ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒத்திசைவு தடைபட்ட நேரங்களில், ஒரு கவுண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய தொகை இரண்டு முறை பதிவானது. பிழை இருப்பது பெரிய மென்பொருளில் இயல்பு. அதற்காக ஃபுஜிட்சுவின் பொறியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் அதற்குப் பிறகு நடந்தது. உதவி எண்ணை அழைத்தவர்களிடம், 'இப்படிச் சொல்வது நீங்கள் ஒருவர்தான்' என்றார்கள். கிளைக்கணக்கில் வெளியிலிருந்து யாரும் கைவைக்க முடியாது என்றும் அஞ்சல் நிறுவனம் சாதித்தது. ஃபுஜிட்சு ஊழியர்களால் அது முடிந்திருக்கிறது.

இங்கேதான் சட்டமும் கைவிட்டது. கணினி சரியாக இயங்கியது என்று நிரூபித்தால்தான் அதன் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆவது பிரிவு சொன்னது. நடைமுறைக்குச் சிரமம் என்று அந்தப் பிரிவை 1999இல் நீக்க முடிவுசெய்தார்கள். அதன்பின், மாறாகக் காட்டும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றத்தின் ஊகமானது. தவறு என்று காட்ட வேண்டிய பொறுப்பு கவுண்டரில் நிற்பவர் தலையில் விழுந்தது. அதைக் காட்டும் தரவுகளோ ஃபுஜிட்சுவிடமும் அஞ்சல் நிறுவனத்திடமும் இருந்தன. அவற்றை எப்படிப் பெறுவது?

2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றை அஞ்சல் நிறுவனமே தொடுத்தது. புகார் கொடுத்ததும் புலன் விசாரித்ததும் வழக்கு நடத்தியதும் ஒரே நிறுவனம். 2010இல் ஒரு பெண் கர்ப்பிணியாகச் சிறை சென்றார். வீட்டை விற்றுப் 'பற்றாக்குறை'யைக் கட்டியவர்களும் உண்டு. குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது 2025 ஜூலையில் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை. இந்த எண்ணைக் கடந்து என்னால் எளிதாக அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. அஞ்சல் நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் ஒருவர், அந்த நிறுவனத்தின் தரப்பில் வந்த நிபுணர் சாட்சி தமக்குத் தெரிந்த பிழைகளை நீதிமன்றத்தில் மறைத்தார் என்று 2013லேயே எழுதிக்கொடுத்திருந்தார். அப்போதே எல்லாத் தீர்ப்புகளையும் திறந்திருக்க வேண்டும்.

வேலை பறிபோன ஆலன் பேட்ஸ் என்ற சப்-போஸ்ட்மாஸ்டரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், ஹொரைசனில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அஞ்சல் நிறுவனம் ஒப்புக்கொண்ட சமரசத் தொகை 5.775 கோடி பவுண்ட். வழக்குச் செலவு போகப் பாதிக்கப்பட்டோர் கையில் மிஞ்சியது சுமார் 1.2 கோடிதான். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. மற்றவர்களுக்காக 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவில் கதை சற்று வேறு. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்பவர் அந்தக் கருவி முறையாக இயங்கியதற்குச் சான்றிதழ் தர வேண்டும். நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் இது நீதிமன்ற வாசலுக்குப் பிறகு. அதற்கு முன்பே, கல்லாவில் பணம் குறைகிறது என்று பில்லிங் மென்பொருள் சொன்னவுடன் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முதலாளியை எந்தச் சான்றிதழும் தடுப்பதில்லை.

புதிய மென்பொருளோ செயற்கை நுண்ணறிவுச் செயலியோ வாங்கும் தொழில்முனைவோரே, விலையைப் பேசும்போதே இரண்டைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: கணக்கு தவறினால் இழப்பு யாருடையது, ஒவ்வொரு மாற்றத்தையும் யார் எப்போது செய்தார் என்ற பதிவு உங்கள் கைக்கு வருமா? அந்தப் பதிவைப் பார்க்காமல் உங்கள் ஊழியர் யார் மீதும் திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள்.