எதிரொலிப் பெட்டியின் பிணி

கோலார் தங்கவயல் மின்சாரத்தோடு நெடுநாள் பழகிய ஊர். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து அங்குள்ள சுரங்கங்களை இயக்கிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்க மின்பட்டறையில் பணி செய்த ஒருவர் ஓய்வு வேளைகளில் கிதார் வாசிப்பார். அவர் மறைந்தபின் அவருடைய மகன், நம் மன்றத்து நண்பர், ஒரு சிறு உலோகப் பெட்டியை மாரிக்குப்பம் இரயிலில் எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார்.

“கிறிஸ்துமஸுக்கு அப்பா வாசித்த அதே ஒலியில் வாசிக்க வேண்டும், அண்ணா. கிதார் ஒலி வருகிறது; எதிரொலிதான் வரவில்லை” என்றார்.

அப்பெட்டிக்கு ‘டிலே பெடல்’ என்று பெயர். கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே வைத்துக் காலால் மிதித்து இயக்குவது. அதன் நோயை அறியுமுன் அது வேலை செய்யும் விதத்தை அறிய வேண்டும்.

ஊரில் தீப்பிடித்தால் கிணற்றிலிருந்து வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவோமல்லவா? அவ்வாறே மின்னூட்டத்தைக் கை மாற்றும் ஒரு சுற்றை ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் சாங்ஸ்டர், டேர் என்னும் இருவர் 1969இல் வெளியிட்டனர். ‘வாளி வரிசை’ என்பதே அதன் பெயர். பின்னர் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் செய்த எம்.என். 3005 என்னும் ஐ.சி.யில் இத்தகைய நிலைகள் 4096 உண்டு. ‘வாங்கு, கொடு’ என்று தாளம் போட ஒரு துடிப்புச் சுற்று தனியே இருக்கிறது. நொடிக்கு 10,000 துடிப்பு என்றால், ஒலி கடைசி வாளியை அடைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். 34 மீட்டர் தொலைவிலுள்ள பாறைச் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலிக்கு ஆகும் நேரமும் அதுவே!

இனி நோய்க்கு வருவோம். நேரொலி கேட்கிறது, ஆகவே மின்கலம், செருகு துளைகள், ஒலிபெருக்கி ஆகியவை பெரும்பாலும் நலம். கோளாறு எதிரொலி செல்லும் பாதையில்தான் இருக்க வேண்டும். இங்கே பலரும் செய்யும் பிழை, எடுத்த எடுப்பிலேயே ஐ.சி.யைக் குற்றம் சாட்டுவது. நானும் அதையே செய்யவிருந்தேன். பழைய ஐ.சி. இன்று எளிதில் கிடைப்பதில்லை, போலிகளும் உலவுகின்றன. நல்லதைக் கழற்றிப் போலியைப் பொருத்தினால் ஒரு கோளாறு இரண்டாகும்.

முதலில் புதிய மின்கலத்தை இட்டு மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். அடுத்து, துடிப்புச் சுற்றைச் சோதிக்க வேண்டும். துடிப்பு ஓடினால், அதன் வெளியீட்டு முனையில் நேர்மின்னழுத்தம் ஊட்டும் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியாகக் காட்டும். ஓடாவிட்டால் முழுமையோ சுழியோ காட்டும். எங்கள் பெட்டியில் பாதி காட்டிற்று, தாளம் நலம். மூன்றாவது, வாளி வரிசையின் நுழைவாயில். அங்கே குறிப்பிட்ட ஓர் அழுத்தம் நிலைத்திருந்தால்தான் ஒலி உள்ளே புகும். அதைத் திருத்துவது ட்ரிம்மர் என்னும் சிறு திருகு. திருப்புமுன் அது இருந்த நிலையை அடையாளமிட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவாயிலில் 1.2 வோல்ட் இருந்தது. அது சரியா, தவறா? விடை மூடியின் உட்புறத்தில் இருந்தது. பென்சிலால் சிறு சிறு எழுத்தில், பெட்டி நலமாக இருந்த நாளில் அவர் அளந்த அழுத்தங்களையெல்லாம் குறித்து வைத்திருந்தார். நுழைவாயிலுக்கு நேரே 4.6 என்றிருந்தது.

ட்ரிம்மரைத் தூய்மை செய்தும் அழுத்தம் ஏறவில்லை. பக்கத்திலிருந்த பழைய மின்தேக்கியின் ஒரு காலை மட்டும் ஈயப்பற்றிலிருந்து விடுவித்தேன். முள் 4.6ஐத் தொட்டது! ஆண்டுகள் பல ஆனதால் அந்த மின்தேக்கி கசிந்து, அழுத்தத்தைக் கீழே இழுத்திருக்கிறது. அதே அளவுள்ள புதியதை, நேர் எதிர் முனைகளைப் பார்த்துப் பொருத்தினேன். சில ரூபாய்ச் செலவு. எதிரொலி திரும்பியது.

ஓர் எச்சரிக்கை: இம்முறை மின்கலத்தில் இயங்கும் பெடலுக்கே பொருந்தும். வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்கும் பழைய கருவிகளைப் பழக்கமில்லாதவர் திறத்தல் ஆகாது.

நண்பர்களே, கருவி கெட்டபின் அளப்பவர் பலர். நலமாயிருக்கும்போதே அளந்து குறித்து வைப்பவர் சிலரே. அந்தப் பட்டறைத் தொழிலாளியின் பழக்கம் அவருக்குப் பின்னும் அவர் பெட்டியைக் காத்தது. இன்றைய அளவுகளை நாள் குறித்து அவர் எழுத்துக்குக் கீழே எழுதினோம். அதன் பிறகே மூடியைத் திருகினோம்.