முகம் சொல்லும் வயது

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள் பெரியோர். வயதும் அப்படியே முகத்தில் தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டங்களிலும் அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் கூலி வேலை செய்யும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. தலையில் ஒரு துண்டு. கைகளும் நெற்றியும் மறைந்துவிடும். கன்னமும் மூக்கும் மட்டும் காலை முதல் மாலை வரை வெயிலைப் பார்த்தபடி இருக்கும். நாற்பது வயதுக்குள்ளேயே சிலருக்கு அங்கே 'மங்கு' படர்ந்துவிடுகிறது. அதே வயதுடைய, நிழலில் வேலை செய்யும் ஒருவரை அவர் பக்கத்தில் நிறுத்தினால், தாயும் மகளும் என்றே சொல்வோம்.

என் அம்மாவுக்கு வயது 41. தோட்ட வேலைக்குப் போகிறவர். ஒருநாள் பஸ்ஸில் கண்டக்டர் அவரைப் பார்த்து, "ஆயா, உள்ள போ" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. அதன் பிறகே இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

நமது மேல்தோலுக்குக் கீழே உட்தோல் என்ற அடுக்கு உள்ளது. அதில் கொலாஜன் என்னும் புரத இழைகள், கயிற்றுக் கட்டிலின் கயிறுபோலத் தோலைத் தாங்கி நிற்கின்றன. எலாஸ்டின் என்னும் இழைகளோ, இழுத்த தோலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. வயது ஏற ஏற கொலாஜன் குறைவது இயற்கை. ஐம்பது வயதை ஒட்டிப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது அது இன்னும் விரைவாகக் குறைகிறது. இத்துடன் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை மேல்தோலைச் சுடும். 'ஏ' வகையோ சுடாமலே உட்தோல்வரை இறங்கி, கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். அது மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும்கூடக் கடந்து வரக்கூடியது.

இதற்கு வியப்பூட்டும் சான்று ஒன்று உண்டு. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012இல் அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. வலது கன்னம் அவ்வளவு மாறவில்லை. ஒரே மனிதர், ஒரே வயது, இரண்டு முகங்கள்! இதை நீங்களே சோதிக்கலாம். வயல் வேலை செய்யும் ஒருவரின் மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்தத் தோல் மழமழவென்று இருக்கும். அதுதான் வயது மட்டும் செய்த வேலை. முகத்தில் நாம் காண்பது வயதும் வெயிலும் சேர்ந்து செய்தது.

நம் ஊர் வெயிலும் சாதாரணமானதல்ல. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும், ஆண்டுக்கு இருமுறை, சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் வருகிறது. நல்லவேளையாக நம் கருநிறத் தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி ஒரு குடைபோல உதவுகிறது. அதனால் வெள்ளைக்காரப் பெண்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே வரும். ஆனால் அதே மெலனின் அங்கங்கே திரண்டு திட்டுகளாகிவிடுகிறது. கொரிய மக்களிடம் செய்யப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், வெயில்பட்ட பெண்களின் முகத்தில் கரும்புள்ளிகள் மிகுதியாகக் காணப்பட்டன. வெயிலும் புகைப்பழக்கமும் சுருக்கத்தைக் கூட்டுகின்றன என்றும் அது கண்டது.

பிறர் வயதை நாம் கணிக்கும்போது சுருக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. நிறம் சீராக இருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா, பல் விழுந்து கன்னம் ஒட்டியிருக்கிறதா, முடி நரைத்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் நொடியில் கூட்டிப் பார்த்துவிடுகிறோம். நம் பள்ளிச் சிஸ்டர்களின் வயதை எந்த மாணவியும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. நரைமுடி முக்காட்டுக்குள் இருப்பதே காரணம் என்பது என் கணிப்பு. (சிஸ்டர்கள் மன்னிப்பார்களாக!)

முகம் முழுப் பொய் சொல்வதுமில்லை. டென்மார்க்கில் 70 வயது கடந்த 1826 இரட்டையர்களின் புகைப்படங்களைக் காட்டி, வயதைக் கணிக்கச் சொன்னார்கள். இரட்டையரில் யார் மூத்தவராகத் தோன்றினாரோ, பெரும்பாலும் அவரே முதலில் இறந்தார் என்று 2009இல் எழுதினார்கள். உழைப்பும் நோயும் வறுமையும் முகத்தில் பதிகின்றன என்பது மெய்தான்.

மங்கைப் போக்குவதாகச் சொல்லி, சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவுகிறவர்கள் உண்டு. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, நிலைமை முன்னிலும் மோசமாகும். அந்தப் பணத்துக்குக் கன்னம்வரை நிழல் தரும் அகலமான தொப்பி வாங்கலாம். நம் அம்மாக்கள் அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்படுவார்கள் என்பது வேறு விஷயம்.

தவறான கணிப்பு கோபத்தோடு முடிந்தால் பரவாயில்லை. அரசின் முதியோர் உதவித்தொகை பெற 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். நம் பாட்டிமார் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அட்டைகளில் உள்ள வயது, யாரோ குத்துமதிப்பாகச் சொல்லி எழுதியது. ஐந்து வயது குறைத்து எழுதியிருந்தால், ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். வீட்டுக்குள்ளேயே உழைத்து, வெயில் அதிகம் படாத பாட்டிக்கு இந்த ஆபத்து அதிகம். அப்படிப்பட்டவரிடம் முகத்தைப் பார்க்காமல், "எம்.ஜி.ஆர். முதலமைச்சரான 1977இல் நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களா, களை எடுக்கப் போனீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார்.