தமர் ஹிந்தி என்னும் நம் புளி

வடபழனியைச் சார்ந்த வட்டாரம் பண்டைத் தொண்டை மண்டலத்தின் புலியூர்க் கோட்டத்தில் அடங்கியது. இப்பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் காண்போர் 'புளியூர்' எனப் படித்துவிடக்கூடும். லகரம் வேறு, ளகரம் வேறு. புலியைப் புளியாக்குதல் ஆகாது. புளியால் பெயர் பெற்ற இடம் வேண்டுவோர் வடசென்னையின் புளியந்தோப்புக்குச் செல்வாராக.

ஆயினும் அம்மரத்தின் பெயர் வரலாறு சுவையுடையது. அரபு மொழியில் பேரீச்சம்பழம் 'தமர்' எனப்படும். கொட்டையும் நாருமாய்ப் பிசைந்த கரும்புளி அதனை ஒத்திருந்தமையால், அரபியர் அதற்கு 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, எனப் பெயரிட்டனர். அதுவே ஐரோப்பிய மொழிகளில் 'டாமரிண்ட்' எனத் திரிந்தது. 1753இல் லின்னேயசு அதனை 'டாமரிண்டஸ் இண்டிகா' என்றபோது ஒரே பெயரில் இந்தியா இருமுறை இடம்பெற்றது! வேடிக்கை யாதெனின், அதன் தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா என்பதே தாவரவியலார் முடிபு. வந்த காலம் எதுவாயினும், நாம் அதனை அயல்மரமாகக் கருதியதே இல்லை. ரசமும் குழம்பும் அதற்குச் சான்று.

இப்னு சீனா தம் மருத்துவ நூலில் புளியைக் குறித்துள்ளார். எகிப்தில் இன்றும் ரமளான் மாலையில் தமர் ஹிந்திச் சாறு பருகுவர்.

நம் மக்களோ இம்மரத்தை இருவேறு கண்களால் கண்டனர். இரவில் அதனடியில் உறங்கலாகாது, பேய் வாழும் என்று அஞ்சினர். ஆழ்வார்திருநகரியிலோ நம்மாழ்வார் அமர்ந்திருந்த உறங்காப்புளி வணங்கப்படுகிறது. குவாலியரில் சூஃபி ஞானி முகம்மது கௌஸ் அடக்கத்தலத்தருகே தான்சேன் கல்லறை உள்ளது. அங்குள்ள புளியின் இலையை மென்றால் குரல் இனிக்கும் எனப் பாடகர் நம்பினர். சுந்தர ராமசாமி 1966இல் ஒரு புளியமரத்தையே நாவலின் நடுவில் நிறுத்தினார்.

தமிழகச் சாலைகளின் இருமருங்கும் நின்ற புளியமரங்கள் நிழல் தந்ததோடு, ஆண்டுதோறும் மகசூல் ஏலத்தால் அரசுக்கு வருவாயும் ஈட்டின. நெடுஞ்சாலைகள் அகன்றபோது அவற்றுள் பல வீழ்ந்தன. ஓரிரவில் வெட்டலாம், அந்நிழலுக்கோ பல்லாண்டு காத்திருத்தல் வேண்டும்.

அண்மையில் வடபழனி மளிகைக் கடையொன்றில் கொட்டை நீக்கிய புளியைப் பொட்டலமாகக் கண்டோம். உடன்வந்த மாணவர்களிடம் புளியம்பூவின் நிறம் யாதென வினவினோம். ஒருவரும் விடை கூறவில்லை. இளமஞ்சள் இதழில் செவ்வரி ஓடியிருக்கும்.