ஆச்சிக்கு அரை வாட் போதும்

2025 அக்டோபரில், தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால், எங்கள் கடையநல்லூர் வீட்டின் கூடமான பட்டாசாலைச் சுவரில் 43 அங்குல டிவி ஏறியது. பழைய விலை 30,000 ரூபாய். செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியிருந்ததால் 27,656 ரூபாய்க்கு வந்தது. கையில் நின்றது 2,344 ரூபாய். படம் அவ்வளவு தெளிவு. மூன்றாம் நாள் ஆச்சி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "என்னமோ பேசுதாவ, ஒண்ணும் வெளங்கல" என்றாள். அவளுக்கு வயது 81. ஒலி அளவு அப்போது 100க்கு 42.

இதற்கு முன் ஆச்சி பார்த்தது அரசு கொடுத்த 14 அங்குல வண்ண டிவி. 2006இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. படக்குழாய் டிவி என்பதால் பின்பக்கம் முழங்கை நீளத்துக்குப் புடைத்திருக்கும். ஸ்பீக்கருக்கு உள்ளே தாராளமான இடம், ஒலியும் நம்மைப் பார்த்து வரும். புது டிவியின் தடிமன் 8 சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டு 10 வாட் ஸ்பீக்கர்களும் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கிறது. அந்த ஒலியலையின் நீளம் 17 சென்டிமீட்டரிலிருந்து 9 சென்டிமீட்டர்தான். குட்டையான அலை அவ்வளவாக வளைந்து வராது. எந்தப் பக்கம் விட்டோமோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். வயது ஏறும்போது காது முதலில் இழப்பதும் இதே மேல்ஸ்தாயியைத்தான். ஆச்சியின் காதும் புது டிவியும் ஒரே இடத்தில் குறைபட்டிருந்தன.

சவுண்ட்பார் வாங்குவது என்று முடிவானது. வீட்டுச் செலவு எழுதும் நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ரூபாயும் மறுபக்கம் டெசிபலும் எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரி வாட். அட்டைப்பெட்டியில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான்: 80, 160, 200, 400. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். பத்து மடங்கு ஆக்கினால் 10 டெசிபல். அப்போதுதான் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று படும். டிவியின் 20 வாட்டிலிருந்து 160 வாட்டுக்குப் போனால் பெட்டியில் எட்டு மடங்கு, கணக்கில் 9 டெசிபல், காதில் இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. 200 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் விலையில் பல ஆயிரம் வித்தியாசம் சொல்வார்கள்; காதுக்கு வந்து சேர்வது அதே 3 டெசிபல். போதாக்குறைக்கு, ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச அளவைப் போட்டிருக்கிறார்களா, தொடர்ந்து தாங்கும் ஆர்எம்எஸ் அளவைப் போட்டிருக்கிறார்களா என்பதைப் பெட்டியின் பின்பக்கம் சிறிய எழுத்தில் தேட வேண்டும்.

ஆச்சிக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கீழிருந்து கணக்குப் போட்டேன். சிறிய ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 82 டெசிபல் தருவதாக வைப்போம். ஆச்சியின் கட்டில் டிவியிலிருந்து 10 அடி, அதாவது 3 மீட்டர். தூரத்தில் 9.5 டெசிபல் கழிகிறது, மிச்சம் 72.5. முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறி 50 முதல் 55 டெசிபல் வரை இரைகிறது. பேச்சு சிரமமில்லாமல் விளங்க இரைச்சலைவிட 15 டெசிபல் உயர்ந்து நிற்க வேண்டும். ஆக 70 டெசிபல். அதற்குத் தேவை 0.56 வாட்.

அரை வாட்! இந்த எண்ணை எழுதிவிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். படத்தில் குண்டு வெடிக்கும் இடம் வசனத்தைவிட 20 டெசிபல் ஏறும் என்றால் அது நூறு மடங்கு, 56 வாட். 60 வாட் ஆர்எம்எஸ் நேர்மையாக இருந்தால் எங்கள் பட்டாசாலைக்கு மிச்சம். 400 வாட்டுக்குக் கொடுக்கும் காசு குண்டுவெடிப்புக்குக் கொடுக்கும் காசு.

மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்கு வைத்தபோது என் கைபேசிச் செயலியில் 6 டெசிபல் இறங்கியது. கைபேசி அளவு துல்லியமல்ல, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஆறு டெசிபல் என்பது வாட்டில் நான்கு மடங்கு. செலவு: 0. ஆடியிலும் ஆவணியிலும் மலையிலிருந்து சாரல் காற்று இறங்கும்போது மின்விசிறியே வேண்டாம். ஐப்பசிப் புழுக்கத்தில் முடியாது.

நோட்டில் அதிகப் பக்கம் எடுத்தது அறை. 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம், 47.6 கனமீட்டர். தரை டைல்ஸ், சுவர் சிமெண்டுப் பூச்சு, மேலே தட்டட்டி, அதாவது தட்டைக் கூரை. இந்தப் பரப்புகள் தங்கள் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. மொத்தப் பரப்பு சுமார் 80 சதுரமீட்டர்; விழுங்கும் திறன் 2.4 சதுரமீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். சபைனின் சூத்திரப்படி 0.161ஐ அறையின் கனஅளவால் பெருக்கி அந்தத் திறனால் வகுத்தால், கை தட்டிய ஒலி அடங்க 3.2 நொடி. சாமான் இல்லாத புது வீட்டில் பால் காய்ச்சும்போது நாம் பேசுவது கணகணவென்று கேட்குமே, அந்த ஒலி.

சோபா வந்தால் விழுங்கும் திறனில் 1.5 கூடுகிறது. ஆளுக்கு ஏறக்குறைய 0.45 வீதம் நான்கு பேர் உட்கார்ந்தால் 1.8. 4க்கு 4 அடி ஜன்னல் திறந்திருந்தால் 1.5, 7க்கு 3 அடி வாசற்கதவு திறந்திருந்தால் 1.95. பழைய 2.4ஓடு எல்லாம் சேர்ந்து 9.15, எதிரொலி 0.84 நொடியாகக் குறைகிறது. பேச்சு தெளிவாகக் கேட்க 0.4 முதல் 0.6 நொடி நல்லது. அந்தக் கடைசிக் கால் நொடியைக் குறைக்க எந்த சவுண்ட்பாராலும் முடியாது. மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரை 6 சதுரமீட்டர் தொங்கவிட்டால் 3 கூடும். கனத்த ஜமக்காளம் 6 சதுரமீட்டர் விரித்தால் 1.2. மொத்தம் 13.35, எதிரொலி 0.57 நொடி. கோரைப்பாய் மெல்லியது, ஒலிக்கு அவ்வளவு உதவாது.

திரைக்கும் தையலுக்கும் 3,200, ஜமக்காளத்துக்கு 1,300. டிவி வரியில் மிஞ்சிய 2,344 இதில் பாதிக்கு மேல் அடைத்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர் இது. துணிக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். திரை மாட்டிய அன்று, சவுண்ட்பார் இல்லாமலேயே, ஆச்சி வைத்த ஒலி அளவு 42இலிருந்து 35க்கு வந்தது. இதை யார் வீட்டிலும் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

அடுத்து, 2.0, 2.1, 3.1, 5.1, 5.1.2 என்னும் எண்கள். முதல் எண் காது மட்டத்து வழிகள், இரண்டாவது அடித்தொனிப் பெட்டி (சப்வூஃபர்), மூன்றாவது கூரையை நோக்கிப் பாடும் ஸ்பீக்கர்கள். எங்களுக்கு வேண்டியது நடுவில் வசனத்துக்கென்று தனி ஸ்பீக்கர் உள்ள 3.1. தென்காசியில் கடைகளில் 2.1கள் 6,000 முதல் 10,000 ரூபாய் வரை வரிசையாக இருந்தன, 3.1 கேட்டால் ஒன்றிரண்டுதான், விலையும் 12,000க்கு மேல். விற்பனைப் பையன் அதே விலைக்குப் பின்பக்க ஸ்பீக்கர்களோடு ஒரு 5.1 எடுத்து வைத்தான். எங்கள் கட்டில் பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பின்பக்க ஸ்பீக்கரை வைக்க இடமில்லை. கேபிளில் வரும் சேனல்களின் ஒலியும் பெரும்பாலும் இரண்டு வழிதான்.

கூரையை நோக்கிப் பாடும் வகைக்கு டால்பி நிறுவனமே சொல்லும் அளவு, 7.5 முதல் 12 அடி உயரத்தில் தட்டையான, கெட்டியான கூரை. எங்கள் தட்டட்டி 10 அடி, பொருந்தும். பக்கத்துத் தெருவில் சித்தப்பா வீடு ஓட்டு வீடு, சரிந்த கூரை; மேலே போன ஒலி நேராகத் திரும்பி வராது. தட்டட்டி வீட்டிலும் அதற்கு இன்னொரு செலவு இருக்கிறது. கூரை ஸ்பீக்கர்களுக்கு வேலை கொடுக்கும் டால்பியின் அட்மாஸ் ஒலி நெட்ஃபிளிக்ஸில் மேல்நிலைத் திட்டத்தில்தான். 2021 டிசம்பரில் அறிவித்த இந்திய விலைப்படி அது மாதம் 649. அடிப்படைத் திட்டம் 199. வித்தியாசம் மாதம் 450, ஆண்டுக்கு 5,400, ஐந்தாண்டுக்கு 27,000. அந்தத் தொகை சவுண்ட்பார் விலையை விழுங்கிவிடும். 'சிவாஜி' படத்தின் 3டி வடிவம் 2012 டிசம்பரில் அட்மாஸில் வந்தபோது இந்தியாவிலேயே அதுதான் முதல். அந்த அனுபவத்துக்குத் தியேட்டர் டிக்கெட் வாங்கிப் போவேன். ஆச்சியின் சீரியலுக்கு அது வேண்டாம்.

இணைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. ப்ளூடூத்தில் இணைத்தால் வயர் மிச்சம், ஆனால் ஒலி 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதமாக வரக்கூடும். டிவி நொடிக்கு 25 படம் காட்டினால் ஒரு படத்துக்கு 40 மில்லிசெகண்ட்; 200 தாமதம் என்றால் ஐந்து படம் பின்தங்குகிறது. ஒலி 125 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்தினால் மனிதர் கண்டுகொள்வார்கள் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல் சொல்கிறது. காது மந்தமானவர்களுக்கு இது மிகப் பெரிய இடர். அவர்கள் பாதி வசனத்தை உதட்டில் படிக்கிறார்கள். 450 ரூபாய் எச்டிஎம்ஐ வயரை டிவியில் ஏஆர்சி என்று எழுதிய துளையில் செருகினோம். 2009இல் வந்த இந்த வழி நொடிக்கு சுமார் 1 மெகாபிட் கடத்தும். ஓடிடியில் வரும் உயர்ந்த ஒலியே பெரும்பாலும் 768 கிலோபிட்டுக்குள்தான் என்பதால், 37 மெகாபிட் கடத்தும் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சிக்கென்று எங்களைப் போன்றவர்கள் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வளைகுடாவில் ஆளில்லாத தெரு எங்கள் ஊரில் குறைவு. "கடையில வாங்காத, நான் வரும்போது கொண்டாரேன்" என்று துபாயிலிருந்து தம்பி வாட்ஸ்அப்பில் சொன்னான். வரிக்கு முன் 12,000 ரூபாய் என்று வைத்தால், இங்கே 18 சதவீதம் சேர்ந்து 14,160. துபாயில் 5 சதவீதம், 12,600. சவூதியில் 15 சதவீதம், 13,800. சிங்கப்பூரில் 9 சதவீதம், 13,080. (கடையநல்லூர்க்காரர்கள் 1946லேயே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கிய ஊர் சிங்கப்பூர், எங்களுக்கு அதுவும் பக்கத்து ஊர் மாதிரிதான்.) துபாயில் வாங்கினால் மிச்சம் 1,560 ரூபாய். அதற்கு விலை: தம்பியின் 30 கிலோ சுமையில் 9 கிலோ, மூன்று செவ்வகக் கம்பி உள்ள பிளக்குக்கு மாற்றி, இங்கே செல்லுபடியாகும் என்று உறுதியில்லாத உத்தரவாதம். முன்பெல்லாம் தட்டை டிவியையே கொண்டுவந்தார்கள். 2013 ஆகஸ்ட் 26 முதல் அதற்குச் சுங்கச் சலுகை நின்றுபோனது. தென்காசி சுமார் 18 கிலோமீட்டர். பழுதானால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம். 1,560ஐ விட்டுவிட்டேன். அந்த 9 கிலோவுக்குத் தம்பி தன் பிள்ளைகளுக்கு ஏதாவது கொண்டுவரட்டும்.

மின்சாரம் சிறு தொகை. ஓடும்போது 25 வாட், நாளைக்கு நான்கு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். சும்மா கிடக்கும்போது அரை வாட் வீதம் இன்னொரு 0.6. யூனிட் 5 ரூபாய் என்றாலும் பில்லுக்கு 33 ரூபாய்.

நோட்டில் கடைசியாக நின்ற கணக்கு இது:

சவுண்ட்பார், 3.1 — 13,990
எச்டிஎம்ஐ வயர் — 450
திரையும் தையலும் — 3,200
ஜமக்காளம் — 1,300
மின்னழுத்தம் தாங்கும் பலகை — 650
தென்காசிக்கு இரண்டு நடை, பஸ்ஸும் டீயும் — 210
ஐந்தாண்டு மின்சாரம் — 990
ஆக மொத்தம் — 20,790

நாளைக்கு நான்கு மணி நேரமாக ஐந்தாண்டுக்கு 7,300 மணி. மணிக்கு 2 ரூபாய் 85 காசு. மின்னழுத்தப் பலகையை வீண் என்று யாரும் விட வேண்டாம். ஆனால் அது மட்டும் போதாது: ஐப்பசி இடிமழையில் கேபிள் வயர் வழியாக மின்னல் இறங்கினால் முதலில் போவது பெரும்பாலும் எச்டிஎம்ஐ துளை. இடி கேட்டதும் கேபிள் வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுகிறோம்.

சவுண்ட்பார் வந்த முதல் நாள் வசன முறைப் பொத்தானை அழுத்தி, இரவு முறையையும் போட்டேன். பேச்சு ஏறுகிறது, பின்னணி இசையின் முரசு தாழ்கிறது. ஆச்சி இப்போது வைப்பது 14, மின்விசிறி மூன்றில். கதையை அம்மாவுக்கு அவளே எடுத்துச் சொல்கிறாள். ஒரு பாக்கி மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். 50 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலை 7 மீட்டர் நீளம். அதற்கு எங்கள் திரையும் ஜமக்காளமும் ஒரு பொருட்டல்ல. பக்கத்து வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அடித்தொனிப் பெட்டியைச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளி வைத்து, அதன் அளவை 12இலிருந்து 3க்கு இறக்கி, இரவு ஒன்பது மணிக்கு மேல் அதன் பிளக்கையே பிடுங்கிவிடுகிறேன். வசனத்துக்கு அது தேவைப்படுவதில்லை.