கடையும் ஒரு ஹாக்கி அணிதான்



ஹாக்கியைப் பற்றி ஒரு மளிகை வியாபாரிக்கு என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். சங்கரன்கோவிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பும் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிறேன். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஹாக்கி மட்டையைக் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்ட என்னை, 2024 டிசம்பர் அரையாண்டு விடுமுறையில், என் பேரன் ஒரு ஹாக்கி அணிக்கே முதலாளி ஆக்கிவிட்டான். அந்த அணி எப்படிக் கடைசி இடத்திற்கு வந்தது, அதனால் என் கடையில் நான் எதைத் திருத்திக்கொண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நோட்டுப் புத்தகத்தில் ஓர் ஏலம்

ஹாக்கி இந்தியா லீக் என்ற போட்டி 2013 முதல் 2017 வரை நடந்து, பிறகு நின்று போயிருந்தது. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பர் 28-ந் தேதி மறுபடியும் தொடங்கியது. ஆண்கள் பிரிவில் 8 அணிகள். அதற்கான ஏலம் 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்தது. ஓர் அணிக்கு 4 கோடி ரூபாய்தான் உச்ச வரம்பு. அதற்குள் 24 பேரை எடுக்க வேண்டும். அதில் 8 பேர் வெளிநாட்டவர், 16 பேர் நம் நாட்டவர், அந்த 16 பேரிலும் 4 பேர் இளையவர்கள். பணம் நிறைய இருக்கிறது என்பதற்காக எல்லோரையும் அள்ளிக்கொண்டு போக முடியாது.

இதே மாதிரி நோட்டுப் புத்தகத்தில் ஆடலாம் என்று என் பேரனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏற்பாடு செய்தார்கள். குடோன் மாடியில் உட்கார்ந்து, வீரர்கள் பெயரைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 4 கோடி. பணம் எல்லாம் காகிதத்தில்தான். 15 வீரர்களை எடுக்க வேண்டும். நிஜப் போட்டியில் அந்த வீரர் களத்தில் இறங்கினால் 2 மதிப்பெண், கோல் போட்டால் 10. கோல்கீப்பர் ஒரு கோலும் விடாவிட்டால் 15, விட்டால் ஒவ்வொரு கோலுக்கும் 3 கழிவு. ஐந்தாவது அணிக்கு ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏலம் கேட்பது எனக்குப் பழகின காரியம் அல்லவா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இதில் ஒரு பைசா பந்தயம் கிடையாது. இதே மாதிரி ஆட்டத்தைச் செல்போனில் பணம் கட்டி ஆடிக் கடனாளி ஆனவர்கள் நம் கடைகளிலும் உண்டு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்துவிட்டது. நம்மிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நான் செய்த தவறு

பெயர் பெற்ற வீரர் சீட்டு வந்தால் நான் விடவில்லை. இந்திய அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை டெல்லி ஏலத்தில் சூர்மா அணி 78 லட்சத்திற்கு எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதுதான் அதிக விலை. குடோன் மாடியில் நான் அவரை ஒரு கோடிக்கு மேல் கேட்டு எடுத்தேன். ஐந்து பேரை எடுத்து முடித்தபோது 3 கோடியே 30 லட்சம் போய்விட்டது. மீதி 70 லட்சத்தில் பத்துப் பேரை எடுக்க வேண்டும். தலைக்கு 7 லட்சம்.

நிஜ ஏலத்தின் கணக்கையும் பாருங்கள். 4 கோடியில் 78 லட்சத்தை ஒருவருக்குக் கொடுத்தால், மீதி 3 கோடியே 22 லட்சம். அதில் 23 பேர். தலைக்கு 14 லட்சம்தான் வரும். ஒரு சரக்கில் முதலை முடக்கினால் மற்ற சரக்குக்குக் கை வறண்டு போகும் என்பது நமக்குத் தெரியாததா? சரக்கு விஷயத்தில் எனக்குத் தெரியும். ஆள் விஷயத்தில்தான் மறந்துவிட்டது.

ஏலம் முடியப் போகும் நேரத்தில் பேரன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, உங்க டீம்ல கோல்கீப்பர் யாரு?"

எனக்குத் திக்கென்றது. கோல் போடுகிறவர்களாகவே பார்த்துப் பார்த்து வாங்கிய நான், கோலைத் தடுப்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதையே யோசிக்கவில்லை. கையில் மிச்சம் இருந்த 4 லட்சத்திற்குக் கிடைத்த ஒருவரை எடுத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

2025 பிப்ரவரி 1-ந் தேதி போட்டி முடிந்தபோது ஐந்து அணிகளில் என்னுடையது ஐந்தாவது. ஹர்மன்பிரீத் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பெரிய வீரர்களில் ஒருவர் இறங்காத நாளில் அந்த இடத்திற்கு என்னிடம் தகுதியான மாற்று ஆள் இல்லை. அதுதான் என்னைக் கவிழ்த்தது. முதலிடம் வந்த என் பேரனோ எந்த வீரருக்கும் 45 லட்சத்தைத் தாண்டவில்லை. அவன் முதலில் எடுத்ததே கோல்கீப்பரைத்தான்.

ரூர்கேலாவில் நடந்த நிஜ இறுதிப் போட்டியில் பெங்கால் டைகர்ஸ் அணி ஹைதராபாத் தூஃபான்ஸ் அணியை 4-3 என்று வென்றது. பெங்கால் அணியும் அபிஷேக் என்ற வீரருக்கு 72 லட்சம் கொடுத்திருந்தது. ஆகவே விலை உயர்ந்த ஆளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இறுதிப் போட்டியில் அந்த அணியின் மூன்று கோல்களைப் போட்டவர் ஜுக்ராஜ் சிங். வெற்றிக் கோலைப் போட்டவர் நியூசிலாந்தின் சாம் லேன். ஒருவர் கை ஓயும் நேரத்தில் இன்னொருவர் கை வந்தது. 78 லட்சம் கொடுத்த சூர்மா மூன்றாம் இடத்தோடும், நம் தமிழ்நாடு டிராகன்ஸ் நான்காம் இடத்தோடும் திருப்திப்பட வேண்டியதாயிற்று.

என் கடையின் கோல்கீப்பர்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேரன் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது.

பல ஆண்டுகளுக்கு முன் என் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். எடை போடுவதும் லாரியில் வரும் மூட்டையை எண்ணி இறக்குவதும் அவர் வேலை. என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குத்தூசி போட்டு உள்ளங்கையில் நாலு பருப்பைப் பார்த்தால் போதும், பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். வத்தலைக் கையில் பிடித்தாலே ஈரம் எவ்வளவு என்று தெரியும். அவர் வியாபாரம் பிடித்துத் தந்தவர் அல்ல. வாசலுக்கு வந்து யாரிடமும் பேச மாட்டார். அவரால் எனக்கு எவ்வளவு லாபம் என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. எவ்வளவு நஷ்டம் வராமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயம் வேறொரு கடையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒருவரைக் கூடுதல் சம்பளம் பேசி அழைத்து வந்தேன். பெரியவர் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, "உடம்புக்கு முடியல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் தடுக்கவில்லை. புதியவர் அடுத்த தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், இன்னும் அதிகம் தருவதாகச் சொன்ன வேறொருவரிடம் போய்விட்டார். பணத்துக்கு வந்தவர் பணத்துக்குப் போனார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அந்தத் தீபாவளிக்குச் சில்லறைக் கடைக்காரர்களின் பற்று யார் எவ்வளவு என்று சொல்லக் கடையில் ஆள் இல்லை. ஈர வத்தல் ஒரு லோடு இறங்கி, பூசணம் பிடித்து, கிராமத்துக் கடைகளில் இருந்து திரும்பி வந்தது. அப்போது விட்டுப் போன சில வாடிக்கையாளர்கள் இன்றுவரை என் படி ஏறவில்லை.

அப்போது இதை என் போதாத காலம் என்று நினைத்தேன். கோல்கீப்பரை வெளியே அனுப்பியவன் நான்தான் என்று புரிய, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பாரிஸில் பத்துப் பேர்

இதற்குப் பிறகு பேரனோடு உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் பெற்றது. 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கத்திற்குப் பின், 41 ஆண்டு கழித்து வந்த பதக்கம் அது. ஐந்து கோல் போட்டிருந்தாலும், கடைசி விநாடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுக்காவிட்டால் ஐந்தும் வீணாகிப் போயிருக்கலாம்.

2024 ஆகஸ்ட் 4-ந் தேதி பாரிஸில் கால் இறுதி, எதிரணி கிரேட் பிரிட்டன். 17-வது நிமிடத்திலேயே தடுப்பு வீரர் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். மாற்று ஆளும் இறக்கக் கூடாது. மீதி 43 நிமிடம் பத்துப் பேர்தான். நடுக்களத்தில் ஆடும் மன்பிரீத் சிங் பின்வரிசைக்கு இறங்கினார். ஒவ்வொருவரும் இன்னொருவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த நிலையிலும் இந்தியாதான் முதல் கோலைப் போட்டது. 1-1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. பின்னர் ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடியும் வெண்கலம்.

நம் கடையில் ஒருவர் திடீரென்று வரவில்லை என்றால் என்ன ஆகிறது? "அவர்தான் பார்ப்பார், நாளைக்கு வாங்க" என்கிறோம். வாடிக்கையாளர் நாளைக்கு வருவதில்லை. செல்போனில் சொன்னால் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டு வந்து தர ஆள் இருக்கிற காலம் இது.

பக்கத்து ஊர்ப் பாடம்

அணியை ஏலத்தில்தான் உருவாக்க வேண்டும் என்பதும் இல்லை. கழுகுமலை வழியாகப் போனால் ஒரு மணி நேரத்தில் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்குப் பெயர் போன அந்த ஊரைப் பத்திரிகைகள் ஹாக்கிபட்டி என்றும் எழுதுகின்றன. கோடையில் அங்கே நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை அகில இந்தியப் போட்டிக்கு நாடெங்கும் இருந்து அணிகள் வருகின்றன. அரசின் ஹாக்கி விளையாட்டு விடுதியும் அங்கே உண்டு.

கோவில்பட்டி மாரீஸ்வரனும், அரியலூரில் இருந்து வந்து அங்கே பயின்ற கார்த்தியும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். முதல் ஆட்டத்திலேயே, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக, கார்த்தி கோல் போட்டார். 2023-ல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். இவர்களை யாரும் பெரிய ஊரில் இருந்து விலைக்கு வாங்கி வரவில்லை. சிறு வயதில் சேர்த்து, பொறுமையாகப் பழக்கி எடுத்தார்கள்.

"கடைக்குப் பையன் கிடைப்பதில்லை" என்று சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பேசுகிறோம். கிடைத்த பையனுக்கு நாம் என்ன கற்றுத் தருகிறோம்? பொட்டலம் கட்டுகிறவன் ஐந்து ஆண்டு கழித்தும் பொட்டலமே கட்டினால் அவன் ஏன் நிற்பான்?

என் கடையில் இப்போது செய்வது

ஒன்று: ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை தெரிய வேண்டும். எடை போடுகிறவர் மாதத்தில் நான்கு நாள் பில் எழுதுவார். பில் எழுதுகிறவர் குடோனில் சரக்கு இறக்குவார்.

இரண்டு: பற்று வரவு விவரம் ஒருவர் மனதில் மட்டும் இருக்கக் கூடாது. எந்தக் கடைக்கு எந்தத் தரம் போகும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறோம்.

மூன்று: புதிதாக ஒருவரை அதிகச் சம்பளத்திற்கு எடுக்கும் முன், பழையவர்களை அழைத்து உட்கார வைத்துப் பேசுவது. அவர்கள் சம்பளத்தையும் அன்றே சரி பார்ப்பது.

நான்கு: ஹாக்கியில் ஆட்டம் நடக்கும்போதே ஆளை மாற்றி மாற்றி ஓய்வு தருகிறார்கள். அதுபோல முறை வைத்து ஓய்வு கொடுப்பது. ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-லேயே திருத்தம் வந்திருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, நின்று நின்று கால் கடுத்தவர் எடையைச் சரியாகப் பார்க்க மாட்டார் என்பதற்காகவும் செய்யலாம்.

2025 பிப்ரவரியிலேயே ஒரு நாள் பேரனை அழைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பழத்தட்டை வைத்து, "அண்ணே, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டு ஆயிற்று. அவர் சிறிது நேரம் பேசவில்லை. கடைக்கு மறுபடியும் வர முடியுமா என்று கேட்டேன். "வயசாயிட்டு அண்ணாச்சி, இனி மூட்டை எண்ண முடியாது. வாரத்துல ஒரு நாள் வாரேன். பையங்களுக்குச் சரக்கு பாக்கச் சொல்லித் தாரேன்" என்றார்.

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் அவர் வருகிறார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று பையன்களுக்கும் என் மகனுக்கும் வத்தலைக் கையில் கொடுத்து ஈரம் பார்க்கச் சொல்கிறார். விட்டுப் போன வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. ஆனால் ஈர வத்தலும் என் குடோனுக்குள் வருவதில்லை.

தங்கள் கடையில் கோல்கீப்பர் யார் என்று இன்று இரவு கடை அடைக்கும்போது ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அவர் சம்பளத்தையும் பாருங்கள்.